குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் நமது கடைகளும்



நம் சங்கத்தின் முன்கூடத்தில் இரண்டு வணிகர்கள் சந்தித்தால் முன்பெல்லாம் சரக்கு விலையும் கடை வாடகையும் பேச்சாக இருக்கும். இப்பொழுது பேச்சு எங்கே தொடங்கினாலும் சம்பளத்தில் வந்து நிற்கிறது. "1,700 வெள்ளி கொடுத்துக் கட்டுபடியாகுமா?" என்பார் ஒருவர். "நான் அதற்கு மேலேயே கொடுக்கிறேன், எனக்கென்ன பயம்?" என்பார் மற்றொருவர். முதலாமவர் கேட்பது நியாயமான கேள்வி; அதற்குப் பின்னால் வருவோம். இரண்டாமவர் சொல்வதுதான் நமக்கு அதிகக் கவலை தருகிறது. சட்டத்தைத் தெரிந்து மீறுகிறவர்கள் நம்மில் சிலரே. மீறவில்லை என்று மனதார நம்பிக்கொண்டு மீறுகிறவர்கள் பலர். ஆகவே இந்த விஷயத்தைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், பாடமாகவே எடுத்துப் படிப்போம்.

சட்டம் வந்த வழி

கூலிக்கு ஒரு கீழ்வரம்பு வைப்பது இந்நாட்டில் நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. அதன் வேர் பிரிட்டனில் 1909-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு அங்கே ஒரு சட்டம் செய்து, நான்கே நான்கு தொழில்களுக்கு மட்டும் கூலி வாரியங்களை அமைத்தார்கள். ஆயத்த ஆடை தைத்தல், காகிதப் பெட்டி செய்தல், லேஸ் முடித்தல், இரும்புச் சங்கிலி அடித்தல் என்பனவே அந்நான்கு. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சுரங்கத்திலும் ரயில்வேயிலும் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடி வேலை செய்தார்கள், சங்கம் வைத்தார்கள், தம் கூலியைத் தாமே பேசிக்கொண்டார்கள். இந்த நான்கு தொழில்களிலோ ஆட்கள் சிறு சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் சிதறிக் கிடந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை. ஆகவே சர்க்கார் நடுவில் வந்தது.

அடுத்த ஆண்டு, 1910-இல், கிராட்லி ஹீத் என்னும் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். சங்கிலி அடிக்கும் பெண்களுக்கு வாரியம் புதுக் கூலியை நிர்ணயித்தது. முதலாளிகளில் பலர் என்ன செய்தார்கள்? புதுக் கூலி எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிய காகிதத்தில், எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்களிடம் கைந்நாட்டு வாங்கினார்கள். விஷயம் புரிந்ததும் பெண்கள் மறுத்தார்கள். வேலை பத்து வாரங்கள் நின்றது. முடிவில் முதலாளிகள்தாம் இறங்கி வந்தார்கள். "அவன் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டான்" என்று நம்மவர் சொல்லும்போதெல்லாம் நமக்கு இந்தச் சங்கிலிக்காரப் பெண்களின் ஞாபகம் வருகிறது.

1945-இல் பிரிட்டன் அந்த வாரியங்களுக்குச் சம்பள மன்றங்கள் என்று பெயர் மாற்றியது. அதே அச்சில் 1947-இல் மலாயாவுக்கும் ஒரு சம்பள மன்றச் சட்டம் வந்தது. முதலாளிகளின் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள், இரு தரப்பையும் சேராத சிலர் ஆகியோர் அமர்ந்து, ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலியைப் பேசி முடிவு செய்வார்கள். அது சர்க்கார் உத்தரவாக வெளிவரும். அவ்வகையில் உத்தரவு பெற்ற தொழில்கள் எவை என்று பாருங்கள்: கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் மற்றும் உணவகச் சிப்பந்திகள், சினிமாக் கொட்டகைத் தொழிலாளர்கள், பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோர். நான்கில் மூன்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்ற இடங்கள்! பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கைகளில் எத்தனை கடையநல்லூர்க் கைகள், எத்தனை இராமநாதபுரத்துக் கைகள் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் சமூகம் இச்சட்டத்தைப் பார்ப்பது இது முதல் முறையன்று. முன்பு பெரும்பாலும் கூலி வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்தோம். இப்பொழுது கூலி கொடுக்கும் பக்கத்தில் நின்று பார்க்கிறோம்.

அந்தப் பழைய முறையில் குறை இருந்தது. ஒரு தடவை போட்ட உத்தரவு பல ஆண்டுகள் திருத்தப்படாமலே கிடந்தது. அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, உத்தரவிலிருந்த தொகை மட்டும் அப்படியே நின்றது. மன்றம் இல்லாத தொழில்களுக்கு அதுவும் இல்லை. தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆண்டுக்கணக்கில் நாடு முழுவதற்கும் ஒரே வரம்பு கேட்டுப் போராடியது. கடைசியில் 2011-இல் தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. 2012-ஆம் ஆண்டு தொழிலாளர் தினத்துக்கு முந்திய நாள் பிரதமர் நஜிப் தொகையை அறிவித்தார். தீபகற்பத்தில் 900 வெள்ளி. சபா, சரவாக், லாபுவானில் 800 வெள்ளி. ஐவருக்கு மேல் வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு 2013 ஜனவரி முதலும், சிறு கடைகளுக்கு ஜூலை முதலும் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் பிறகு ஏறிய படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2016 ஜூலையில் 1,000 (கிழக்கில் 920). 2019 ஜனவரியில் நாடு முழுவதும் 1,100. 2020 பிப்ரவரியில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 1,200. மற்ற இடங்களில் 1,100. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐவருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் கடைகளுக்கு மட்டும் 2025 ஆகஸ்டு 1 வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையும் தீர்ந்துவிட்டது. "என் கடையில் மூன்று பேர்தான், எனக்கு இது இல்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

அடிப்படைச் சம்பளம் என்றால் என்ன?

இனி பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். 1,700 வெள்ளி என்பது கைக்குச் சேரும் மொத்தத் தொகையன்று. அது அடிப்படைச் சம்பளம். அலவன்சு, கமிஷன், மிகைநேரக் கூலி எதுவும் அதற்குள் அடங்காது. ஒரு ஜவுளிக் கடையில் மாதம் 1,800 வெள்ளி கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டில் அடிப்படை 1,300, தவறாமல் வந்ததற்கு 200, சாப்பாட்டுக்கு 200, போக்குவரத்துக்கு 100 என்று பிரித்து எழுதியிருக்கிறது. முதலாளி மனதில் நூறு வெள்ளி அதிகமாகவே கொடுக்கிறார். சட்டத்தின் கண்ணிலோ மாதம் 400 வெள்ளி குறைத்துக் கொடுக்கிறார். ஆண்டுக்கு ஆளொன்றுக்கு 4,800 வெள்ளி அவர் கொடுக்க வேண்டிய கடன்.

பெரிய ஹோட்டல்களிலும் இந்தச் சந்தேகம் எழுந்தது. வாடிக்கையாளர் கட்டும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து வரம்பை நிரப்பலாமா என்ற வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. நிரப்பலாகாது என்று 2021-இல் தீர்ப்பாயிற்று. அது வாடிக்கையாளர் தொழிலாளிக்குக் கொடுப்பது, முதலாளி கொடுப்பதன்று என்பதே அதன் சாரம்.

விற்பனைக் கமிஷன் மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்பவருக்கும், உருப்படிக் கணக்கில் தைப்பவருக்கும், நடைக் கணக்கில் வண்டி ஓட்டுபவருக்கும் கூட மாத வருமானம் 1,700-க்குக் குறையலாகாது. மணிக்கணக்கில் வரும் மாணவப் பிள்ளைகளுக்கு மணிக்கு 8 வெள்ளி 72 காசு. நாட்கூலி என்றால், வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஐந்து நாள் வேலைக்கு 78 வெள்ளி 46 காசு. உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பேதம் இல்லை. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் இந்த உத்தரவு பொருந்தாது. முதல் உத்தரவில் புதிதாகச் சேருபவருக்கு ஆறு மாதம் வரை முப்பது சதவீதம் குறைத்துக் கொடுக்க இடமிருந்தது. இப்போதைய உத்தரவில் அந்தச் சலுகை கிடையாது.

"சோறு போடுகிறேனே!"

இந்த விஷயத்தைச் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வயது முதிர்ந்த ஹாஜியார் ஒருவர் குறுக்கிட்டார். "தம்பி, நான் மூன்று வேளைச் சோறு போடுகிறேன். கடைக்கு மேலே படுக்க இடம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர், விளக்கு எல்லாம் என் செலவு. பையனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் அழைத்துப் போகிறவனும் நான்தான். இதற்கெல்லாம் கணக்கில் இடம் இல்லையா?" என்றார். அங்கிருந்தவர்கள் பேசவில்லை. அவர் கேட்டதில் பொய் இல்லை. நம் பழைய கடைகளின் நடைமுறையே அதுதான். ஊரிலிருந்து சபர் வந்த பையன் முதலாளியோடு ஒரே சகனில் சாப்பிட்டான்; சம்பளம் முதலாளியிடமே அமானத்தாகக் கிடந்தது; ஊருக்குக் கப்பலேறும்போது கணக்குத் தீர்த்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போனான். நல்ல முதலாளியிடம் அது தகப்பன் வீடு போல இருந்தது. மற்றவரிடம் எப்படி இருந்தது என்பதும் நம் பெரியவர்களுக்குத் தெரியும்.

ஹாஜியாருக்கு நாம் சொன்ன பதில் இது. சோறும் இடமும் நீங்கள் கொடுக்கலாம், கொடுப்பது நன்மை. ஆனால் அதைச் சம்பளத்தில் ஈடுகட்டிக்கொள்வதென்றால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். தொழிலாளி எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதித்திருக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இந்த இரண்டும் இல்லாமல், 1,300 கொடுத்துவிட்டு மீதி 400 சோற்றுக்கும் அறைக்கும் போயிற்று என்று வாயால் சொல்வது செல்லாது.

இதில் மார்க்கமும் சட்டத்தின் பக்கமே நிற்பதைக் காண்கிறோம். கூலி இன்னதென்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா ஒப்பந்தத்தின் அடிப்படை. சோறும் துணியும்தான் கூலி என்று அளவு சொல்லாமல் ஆளை வேலைக்கு வைப்பது ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஏன்? இன்று கறிச்சோறு, நாளை வெறும் ரசம். அளவு தெரியாத பொருளுக்கு விலை எப்படிப் பேசுவது? மத்யன் நகரில் மூஸா நபி (அலை) அவர்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் நடந்த பேச்சைக் குர்ஆனில் நாம் ஓதுகிறோம். எட்டு ஆண்டு ஊழியம் என்று கடமை தெளிவாகிறது. பத்தாக நிறைவு செய்தால் அது தங்கள் விருப்பம் என்று உபரியும் தனியே நிற்கிறது. கடமையும் உபகாரமும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. நம் கடைகளில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதுதான் தகராறுக்கு வேர்.

ரமலானில் இந்தக் கலப்பு இன்னும் அதிகம். பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுப்போம், கையில் இருநூறு முந்நூறு கொடுப்போம், சிலர் ஜகாத்துப் பணத்திலிருந்தே கொடுப்பார்கள். கொடுக்க வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக ஜகாத்தைக் கொடுத்தால் அது ஜகாத்தும் ஆகாது, சம்பளமும் ஆகாது. கடனைத் தீர்ப்பது வேறு, தர்மம் செய்வது வேறு என்பதை உலமாக்கள் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மணிக்கணக்கு

நம் கடைகளில் உண்மையான குழி இங்கேதான் இருக்கிறது. சம்பளத் தொகையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மணியைப் பற்றிப் பேசுவார் இல்லை. 1,700 வெள்ளி என்பது வாரம் 45 மணி நேர வேலைக்கு. 2023 ஜனவரிக்கு முன் 48 மணியாக இருந்தது குறைக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. மாதம் 4,000 வெள்ளி வரை வாங்கும் எவருக்கும் இந்த உரிமை உண்டு.

ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். பையன் காலை பத்து மணிக்கு வருகிறான், இரவு பத்து மணிக்குப் போகிறான். இடையில் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஒன்றரை மணி நேரம் ஓய்வு. வேலை நேரம் பத்தரை மணி. வாரம் ஆறு நாள், 45 மணி என்றால் நாளொன்றுக்கு ஏழரை மணிதான் முறையான வேலை. ஆகவே தினம் மூன்று மணி நேரம் மிகை. மாதம் 26 நாளுக்கு 78 மணி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு, ஒன்றரை மடங்கு 13 வெள்ளி 8 காசு. எழுபத்தெட்டு மணிக்கு 1,020 வெள்ளி 24 காசு. அடிப்படையோடு சேர்த்து அவனுக்கு மாதம் சேர வேண்டியது 2,720 வெள்ளி 24 காசு.

நம் முதலாளி "மொத்தமாக 2,000 கொடுக்கிறேன், சட்டத்தைவிட முந்நூறு அதிகம்" என்று நிம்மதியாக இருக்கிறார். மாதம் 720 வெள்ளி 24 காசு குறைகிறது. ஆண்டுக்கு 8,642 வெள்ளி 88 காசு. ஆறு பேர் வேலை செய்தால் 51,857 வெள்ளி 28 காசு. ஒரு நாள் அந்தப் பையன்களில் ஒருவன் தொழிலாளர் இலாகாவின் படியேறினால், முதலாளியிடம் மணிப் புத்தகம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, எதைக் காட்டுவார்? கொடுத்த சோற்றையும் கொடுத்த பாசத்தையும் காட்ட முடியுமா?

அபராதத்தையும் சொல்லிவிடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கத் தவறினால் ஆளொன்றுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம். குறைந்த தொகையையும் கட்டுமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்புக்குப் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை. மறுபடியும் அதே குற்றம் செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை. "அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான்" என்பது செல்லாது. குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் இருந்தால், சட்டத் தொகையே அதன் இடத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும். அண்ணன் மகன், மச்சினன் என்பதும் விலக்கு அல்ல. உறவுக்காரப் பிள்ளை என்றாலும் சம்பளத்துக்கு வேலை செய்தால் அவன் சிப்பந்திதான். உறவுக்காரன் வாய்விட்டுக் கேட்க மாட்டான் என்பதால் அவன் விஷயத்தில் நாம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுத் தொழிலாளியின் லெவி, தீபகற்பத்தில் சேவைத் துறைக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி. 2013-இல் அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். 2018 முதல் முதலாளியே கட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். பழைய பழக்கத்தில் இன்னும் பிடிப்பவர்கள் உண்டு. உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த காசுக்கும் பிடிப்பதும் அப்படியே. முன்பணமாகக் கொடுத்ததை வட்டியில்லாமல் திரும்பப் பிடிக்கலாம். அதற்குத் தடை இல்லை. ஊழியர் சேமநிதிக்கு உள்நாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு முதலாளி 13 சதவீதம் கட்ட வேண்டும். 1,700-க்கு அது 221 வெள்ளி. 2025 அக்டோபர் சம்பளம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இரு தரப்பும் இரண்டிரண்டு சதவீதம் கட்ட வேண்டும். சம்பள மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூலியைத் தாமதிப்பது பற்றிய நபிமொழி நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதைப் பார்க்க ஏழு நாள் தாராளமான தவணை!

சர்க்கார் கூலியை நிர்ணயிக்கலாமா?

நம்மவரில் படித்த சிலர் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள். மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் விலையை நிர்ணயிக்குமாறு கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள், எவருக்கும் அநியாயம் செய்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. அப்படியிருக்க, கூலியை மட்டும் சர்க்கார் எப்படி நிர்ணயிக்கலாம்?

கேள்வி தகுந்ததே. பெரும்பாலான இமாம்கள் விலை நிர்ணயத்தை விரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஹதீஸின் கருத்து அநியாயத்தைத் தடுப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். இப்னு தைமிய்யா ஹிஸ்பா பற்றி எழுதியபோது இதை விரிவாக ஆராய்ந்தார். அவருடைய வேறு சில அபிப்பிராயங்களில் நம் உலமாக்களுக்கு மாறுபாடு உண்டு. ஆயினும் இந்த ஆராய்ச்சி பயனுள்ளது. உழவர், நெசவாளர், கட்டிடம் கட்டுவோர் ஆகியோரின் உழைப்பு மக்களுக்கு அவசியமாகிறபோது, ஆட்சியாளர் ஒத்த கூலியை, அதாவது உஜ்ரத்துல் மித்லை, நிர்ணயிக்கலாம் என்கிறார். அந்தக் கூலி இரு பக்கமும் வெட்டும் கத்தி. வேலைக்காரர் அதற்கு மேல் பிடுங்கலாகாது. வேலை வாங்குபவர் அதற்குக் கீழே அமுக்கலாகாது. கடனில் கப்பலேறி வந்த ஒருவன், பெர்மிட்டில் நம் கடையின் பெயரே இருக்க, வேறு கடைக்கு மாறவும் முடியாத நிலையில், நம்முடன் சம்பளம் பேசினால் அது சந்தையில் சமமாக நடந்த பேச்சு ஆகுமா? விலை நிர்ணய ஹதீஸைக் காட்டுமுன் இதை நம் நெஞ்சைக் கேட்போம்.

முதலாளியின் பக்கம்

இத்தனையும் சொன்னதால் நாம் முதலாளிகளின் கஷ்டம் அறியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். மூன்றாண்டுக்குள் 1,200-லிருந்து 1,700-க்கு ஏறியது சின்ன ஏற்றமல்ல. ரொட்டி சானாய் விலையில் பத்துக் காசு ஏற்றினாலும் பத்திரிகையில் வருகிறது. அடுத்த மேசையில் இருப்பவர் முணுமுணுக்கிறார். வாடகையைக் கட்டுப்படுத்த ஒரு மன்றமும் இல்லை. கோதுமை மாவும் எண்ணெயும் நம் கையில் இல்லை. பெரிய நிறுவனம் யந்திரம் வாங்கும். நாசி கண்டார் கடையில் குழம்பை யந்திரம் ஊற்றுமா?

சட்டம் பேசாத ஒரு சங்கடமும் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு வேலை செய்து படிப்படியாக 1,700-க்கு வந்த பழைய ஆளும், நேற்று வந்த புதிய பையனும் இப்பொழுது ஒரே சம்பளத்தில் நிற்கிறார்கள். பழைய ஆள் வாயால் கேட்பதில்லை, முகத்தில் தெரிகிறது. அவருக்கு உயர்த்திக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. உயர்த்தாவிட்டால் அவர் போய்விடுவார். அவரோடு நம் கடையின் சுவையும் வாடிக்கையும் போய்விடும். நம் அபிப்பிராயத்தில், கையிலிருக்கும் பணம் எல்லாருக்கும் போதாதென்றால், புதிதாக ஓர் ஆளைச் சேர்ப்பதைத் தள்ளிவைத்துப் பழையவருக்கு இருநூறு ஏற்றுவது நல்ல வியாபாரம். மிகைநேரத்தைக் குறைப்பதும் அப்படியே. மேலே சொன்ன கடையில் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை ஈ ஓட்டிக்கொண்டு ஆறு பேர் நிற்பதற்கு ஒன்றரை மடங்கு கூலி போகிறது. இரண்டு பேரை இருத்தி மற்றவர்களைப் பின்னேரத்துக்கு வரச் சொன்னால் கணக்கு மாறிவிடும். காலம் காலமாகக் கடை திறந்தால் எல்லாரும் நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை விடத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

பிற நாட்டு வழக்கத்தையும் சிறிது பார்ப்போம். கனடாவில் வங்கி, தொலைபேசி, விமானம், மாகாண எல்லை கடக்கும் ரயில், கப்பல் போன்ற, மத்திய சர்க்காருக்கு உட்பட்ட தொழில்களுக்குத் தனி வரம்பு உண்டு. 2021 டிசம்பர் 29-இல் மணிக்கு 15 டாலர் என்று தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் தேதி விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் தானே நகர்கிறது. 2025 ஏப்ரலில் 17 டாலர் 75 காசு ஆயிற்று. மாகாண வரம்பு அதைவிட உயர்வாக இருந்தால் உயர்ந்ததே கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் முதலாளிக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏற்றம் வரும் நாள் தெரியும். ஏறும் அளவையும் ஏறக்குறைய ஊகிக்கலாம். நமக்கோ ஒரேயடியாக இருநூறு, முந்நூறு என்று குதிக்கிறது.

சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு நிலைமை வேறு. அங்கே எல்லாருக்கும் பொதுவான வரம்பு இல்லை. தொழில்வாரியாக முற்போக்குச் சம்பள முறை உண்டு. துப்புரவு, காவல், தோட்டப் பராமரிப்பு என்று தொடங்கி, 2022 செப்டம்பரில் சில்லறை வணிகத்துக்கும் 2023 மார்ச்சில் உணவுத் துறைக்கும் வந்தது. வெளிநாட்டாரை வேலைக்கு வைக்கும் நிறுவனம் தன் உள்ளூர்த் தொழிலாளிக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். பழைய சம்பள மன்ற முறையின் சாயல் இதில் தெரிகிறது. ஆனால் பயிற்சியும் பதவி உயர்வும் சேர்ந்தே ஏறுகின்றன. அது தனிப் பாடமாக எழுதத் தக்கது.

நிற்க. நம் நாட்டுச் சட்டப்படி ஆலோசனை மன்றம் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தொகையைப் பரிசீலிக்க வேண்டும். வறுமைக்கோட்டு வருமானம், நடுத்தரச் சம்பளம், விலைவாசி, உற்பத்தித் திறன், வேலையின்மை ஆகியவற்றை அது பார்க்கிறது. முதலாளிகளின் பிரதிநிதிகளும் அதில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே பெரிய தொழிற்சாலைகளின் கணக்குப் போய்ச் சேருகிறது. நாசி கண்டார் கடையின் கணக்கும், மளிகைக் கடையின் கணக்கும், பணமாற்றுக் கடையின் கணக்கும் போய்ச் சேருகின்றனவா? முறைப்பட்ட சம்பளப் புத்தகம் இல்லாத கடை எந்தக் கணக்கைக் கொடுக்கும்? ஆகவே அங்கத்தினர்கள் இந்த மாதம் முதல் ஆளொருவருக்கு ஒரு பக்கமாக வந்த மணி, போன மணி, அடிப்படை, மிகைநேரம், பிடித்தம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெயர் இல்லாமல் வெறும் எண்களை மட்டும் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்தால் போதும். அவற்றைத் தொகுத்து, அடுத்த பரிசீலனைக்கு முன் மனிதவள அமைச்சுக்கு நம் தரப்பு மனுவாக அனுப்ப எண்ணியிருக்கிறோம். ஹாஜியார் தம் கடைக் கணக்கைத்தான் முதலில் கொடுப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.